கடலோரம் போன பை

காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துக் கோப்புகளைப் புரட்டிப் புரட்டி, ஈரத் தரையைக் கண்டாலே கும்பிடு போடுகிறவர் அவர். அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் சபதம் எடுத்தார். நடைக்குழு ஒன்றோடு சேர்ந்து, ஆளரவமற்ற கடற்கரையோரம், முதுகில் பை சுமந்து, கூடாரத்தில் தங்கி நடந்தே தீருவது. மனைவி இல்லாமல்.

"குழுவுல ஒரே இடம்தான் மிச்சம். அது எனக்கு" என்றார்.

"அப்போ நான்?"

"கடல் என்ன கடைத்தெருவா? கடல் ஏறுற நேரத்துல பாறை முனையைத் தாண்டக் கூடாது. குப்பையைத் திருப்பிக் கொண்டுவரணும். எல்லாத்துக்கும் மேல, போற வழியும் திரும்புற நேரமும் தெரிஞ்ச ஒருத்தர் வீட்ல போன் பக்கத்துலயே இருக்கணும். அவங்கதான் பயணத்தோட உயிர்நாடி. அது நீ!"

"அடேங்கப்பா!" என்றாள் மனைவி. தையற்காரி, வாயில் ஊசி.

"இன்னொண்ணு. நிரப்பின பையோட மொட்டை மாடி வரைக்கும் நிக்காம ஏறணும். ஏற முடியாத ஆள் போகவே கூடாது."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்!"

பை கூடத்தில் ஒரு விருந்தாளி மாதிரி மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தது. கடைசியில் சோதனை நாள் வந்தது.

"என்னடி, பட்டை இறுக்குது?"

"பட்டை அப்படியேதான் இருக்கு. தோள்தான் செழிச்சிருக்கு."

இரண்டாம் மாடியிலேயே மூச்சு அவரை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டது. படியில் சாய்ந்தார். கதவைத் திறந்த பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்: "சார், வீடு மாத்துறீங்களா?"

மனைவி பையை வாங்கி மாட்டினாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. விறுவிறுவென்று மாடிக்கு ஏறி, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, அதே பையோடு இறங்கி வந்தாள்.

"எப்படிடி?"

"நீங்க ஆபீஸ்ல கோப்பு தூக்குறப்போ நான் தினமும் இதைத் தூக்கினேன். பட்டையை என் தோளுக்குக் குறைச்சதும் நான்தான். குழுவுல பேரையும் மாத்தியாச்சு."

"என்னைக் கேக்காமலா?"

"ஏற முடியாத ஆள் போகவே கூடாதுன்னு ஒரு பெரிய மனுஷர் சொன்னாரே!"

அவள் போய்விட்டாள். உயிர்நாடி போனைக் கட்டிக்கொண்டு வீட்டில் கிடந்தது. மறுநாள் காலை மணி அடித்தது.

"ஏங்க, கடல் வத்தினதும் முனையைத் தாண்டிட்டோம். இப்போ குன்று மேல நிக்கிறேன். சூரியன் எழும்புது பாருங்க, நீங்க பார்க்கணும்! அடுத்த தடவை ரெண்டு பேரும் வருவோம். மாடி ஏறிப் பழகுங்க."

அவருக்கு நெஞ்சு நிறைந்தது. "இன்னிக்கே ஆரம்பிக்கிறேன்! இங்க கவலைப்படாதே. பாதுகாப்புல நான் புலி."

"சரிங்க புலி. அடுப்பை அணைச்சீங்களா?"

திரும்பிப் பார்த்தார். சமையலறையில் மேகமூட்டம்.