குட்டிக்கு ஒரு யோக்கியமான வீடு

"இன்னும் ரெண்டு இஞ்ச் குறைக்கணுமா?" என்று கேட்டார் தையல்காரர். "இப்பவே கணுக்கால் தெரியும் மேடம்."

"தெரியட்டும். கொஞ்சம் காத்து வாங்கட்டும்" என்றாள் எக்ஸ்ரே அக்கா.

கணவரின் புது பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு அவள் அந்தக் கடைக்கு வருவது இது இரண்டாவது தடவை. பேன்ட் வெறும் சாக்கு. தையல்காரரைத் துருவிப் பார்க்கத்தான் வந்திருந்தாள்.

நாய்க் காப்பகத்தில் அவளுக்கு வேலையே அதுதான். யாராவது குட்டி வேண்டுமென்று கேட்டால் போதும். வாடிக்கையாளர் மாதிரியோ வழி கேட்பவள் மாதிரியோ போய் நின்று, அந்த வீட்டில் குட்டியை விடலாமா என்று பார்த்துவந்து சொல்வாள். 'முன்கூட்டியே சொல்லிட்டுப் போனா எல்லாரும் ஒரு மணி நேரத்துக்கு உத்தமர் ஆயிடறாங்க' என்று இந்த ரகசிய முறையைக் கொண்டுவந்தவளும் அவள்தான். ஆளை ஊடுருவிப் பார்ப்பதால்தான் எக்ஸ்ரே என்ற பேரும் வந்தது.

சிக்கல் என்னவென்றால், எக்ஸ்ரே அக்கா கண்ணுக்கு உலகத்தில் யோக்கியன் ஒருத்தனும் அகப்படவில்லை.

கோணக்காதன் என்று ஒரு குட்டி. தெருவில் கிடந்து வந்தது. ஒரு காது மேலே, ஒரு காது கீழே. கேட்டு வந்தவர்களுக்கா பஞ்சம்? புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று கேட்டது. "அவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே நேரம் பத்தலை, குட்டியை யார் பார்ப்பா?" என்று தட்டிக்கழித்தாள். ஒரு பள்ளிக்கூட ஆசிரியை கேட்டார். "அவ்வளவு அமைதியா இருக்கிறவங்க உள்ளுக்குள்ள என்ன நினைக்கிறாங்கன்னு யாருக்குத் தெரியும்?" ஒரு பேக்கரிக்காரர் கேட்டார். "எதுக்கெடுத்தாலும் சிரிக்கிறார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கலை."

இப்படியே கேட்டவர்கள் எல்லாரும் போய், இப்போது கேட்க ஆளில்லை. சனிக்கிழமைக்குள் வீடு கிடைக்காவிட்டால் குட்டியைப் பெரிய நாய்களின் கொட்டகைக்கு மாற்றியே ஆக வேண்டும். குட்டிகளின் கூண்டுகளில் இடமில்லை. அங்கே இருப்பதெல்லாம் ஆளையே தள்ளிவிடும் தடியன்கள். கோணக்காதனுக்கோ ஒழுங்காகக் குரைக்கக்கூட வராது. தும்மல் போடுவதுபோல ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் காப்பகத்தை நடத்தும் டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு, "கடைத்தெருவுல ஒரு தையல்காரர் இருக்கார். கோணக்காதன் விஷயமா போய்ப் பழகிட்டு வாங்க" என்றார்.

கடைசி ஆள். இவரையாவது ஒப்புக்கொண்டுவிட வேண்டும் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டுதான் போனாள். ஆனால் முதல் நாள் கடைக்குள் கால் வைத்ததுமே மூக்கு வேர்த்துவிட்டது. தரையில் ஒரு ஊசி கிடையாது, ஒரு நூல் துண்டு கிடையாது. தையல் கடையா, ஆஸ்பத்திரியா? இவ்வளவு சுத்தமாக இருக்கிறவன் எதையோ மறைக்கிறான்.

"பேன்ட் போடறவர் காலையில எத்தனை மணிக்குக் கிளம்புவார்?" என்று இப்போது அளவு நாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே கேட்டார் தையல்காரர்.

"ஏன்?"

"சும்மாதான். பகல்ல வீட்ல யாரு இருப்பா?"

எக்ஸ்ரே அக்கா உஷாரானாள். பேன்ட் தைக்க இதெல்லாம் எதற்கு?

"வீட்ல எப்பவும் ஆள் இருக்கும். தடி தடியா நாலு பேர் இருப்பாங்க" என்று அளந்துவிட்டாள்.

"அப்படியா? வீடு கொஞ்சம் நெருக்கடியோ?" என்று முகம் சுளித்தார் அவர்.

அப்போது உள்ளறையிலிருந்து கீச் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. குட்டி நாய்! அடப்பாவி, திருட்டு நாய் வியாபாரம் பண்ணுகிறானா? அவள் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு பாய்ந்தாள். உள்ளே எண்ணெய் காணாத ஒரு மின்விசிறி தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. பாய்ந்த வேகத்தில் பட்டன் தட்டு கவிழ்ந்து, பட்டன்கள் கலர் கலராகக் கடை முழுக்க ஓடின.

தையல்காரர் குனிந்து பொறுக்கிக்கொண்டே, "கோபம் வந்தா வீட்லயும் இப்படித்தான் பாத்திரம் பண்டம் பறக்குமா?" என்று கேட்டார்.

"எனக்குக் கோபமே வராது!" என்று கத்திவிட்டு வெளியேறினாள்.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு கூத்து. கணவர் பால்கனிக் கம்பிகளுக்கு வலை கட்டிக்கொண்டிருந்தார். மூன்று நாளாகவே மனுஷன் போக்கு சரியில்லை. செருப்பையெல்லாம் எடுத்து அலமாரி உச்சியில் வைக்கிறார். தரையில் கிடந்த ஒயர்களைச் சுருட்டிக் கட்டுகிறார். போனில் குசுகுசுவென்று பேசுகிறார். இவள் தலையைக் கண்டதும் "ராங் நம்பர்" என்று வைத்துவிடுகிறார்.

"என்னங்க, உங்க தங்கச்சி கைக்குழந்தையோட வந்து டேரா போடப்போறாளா? உண்மையைச் சொல்லிடுங்க."

"ஐயய்யோ, அவ எதுக்கு வர்றா? புறா வருதேன்னு வலை கட்டறேன்."

"செருப்பு அலமாரி மேல இருக்கே, அதுவும் புறாவுக்காகவா?"

அவர் பேச்சை மாற்றினார். "அதை விடு. என் புது பேன்ட் எங்க?"

இப்போது இவள் பேச்சை மாற்ற வேண்டியதாயிற்று.

வெள்ளிக்கிழமை மூன்றாம் தடவையாகக் கடைக்குப் போனாள். இந்த முறை நேரடியாகவே நூல் விட்டுப் பார்த்தாள். "உங்களுக்கு நாய் பிடிக்குமா?"

"உங்களுக்குப் பிடிக்குமா?" என்று திருப்பிக் கேட்டார்.

"நான்தானே முதல்ல கேட்டேன்?"

"நான்தானே மேடம் கடைக்காரன்?"

பிடி கொடுக்கிற ஆளாக இல்லை. வேறு வழியில்லாமல் பேன்ட்டில் இன்னும் குறைக்கச் சொன்னாள். அவர் கத்தரிக்கோலை எடுத்தார்.

அன்று சாயங்காலம் அவள் துணி எடுக்க பால்கனிக்கு வந்தாள். எதிர்ச்சாரியில் விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் தையல்காரர்! கழுத்தில் நாடாகூட அப்படியே இருந்தது. அவள் வீட்டு கேட்டை, மதிலை, பால்கனியை மேலும் கீழும் அளந்துகொண்டிருந்தார்.

"திருடன்! திருடன்!"

அவள் போட்ட சத்தத்தில் தெருவே திரண்டுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் துடைப்பத்தோடு ஓடி வந்தார். தையல்காரர் நடுவில் மாட்டிக்கொண்டு பேப்பர் பொட்டலத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"பேன்ட்டுங்க! பேன்ட் குடுக்க வந்தேங்க!"

பொட்டலம் பிரிந்து பேன்ட் எல்லார் முன்னாலும் தொங்கியது. முழங்காலோடு நின்றுபோயிருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த கணவர் அதைத் தொட்டுப் பார்த்தார். "ஏம்மா, இதைப் போட்டுக்கிட்டு நான் ஆபீஸ் போகவா, கால்பந்து ஆடப் போகவா?"

சண்டை வரும் என்று பார்த்தால், தையல்காரரைப் பார்த்ததும் அவர் முகம் சட்டென்று மாறியது. "வாங்க வாங்க, உள்ள வாங்க. பால்கனியைப் பாருங்க, காத்து பிச்சுக்கிட்டு வரும்" என்று குழைந்தார்.

திருடனை வீட்டுக்குள் அழைத்துப் பால்கனியைச் சுற்றிக்காட்டும் மனுஷனை எங்கேயாவது பார்த்ததுண்டா? தையல்காரர் வலையை இழுத்துப் பார்த்தார். ஒயர்களைக் குனிந்து பார்த்தார். "நாலு தடியனுங்க எங்கே?" என்று மெதுவாகக் கேட்டார். ரெண்டு பேரும் கூட்டு என்பது எக்ஸ்ரே அக்காவுக்கு உறுதியாகிவிட்டது. எதில் கூட்டு என்பதுதான் தெரியவில்லை.

ராத்திரி படுத்தவளுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. அந்த ஆளிடம் மட்டும் குட்டி போய்விடக் கூடாது. கொடுக்காவிட்டாலோ கொட்டகை.

சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் காப்பகத்துக்கு ஓடினாள். கோணக்காதனின் கூண்டு திறந்து கிடந்தது. உள்ளே அவன் கடித்துக் குதறிய போர்வை மட்டும் இருந்தது.

கொட்டகைக்கு ஓடிப் பார்த்தாள். தடியன்கள் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தன. அங்கேயும் இல்லை. அப்படியானால் அந்த ஆளிடம்தான்.

போர்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கூண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஊர் வீட்டையெல்லாம் நொட்டை சொன்னாயே, உன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக ஏன் தோன்றவில்லை? தோன்றாமல் என்ன, தினம் தோன்றியதுதான். காப்பகத்து ஆளே குட்டியைச் சுருட்டிக்கொண்டாள் என்று நாலு பேர் சந்தேகப்படுவார்களே என்று பயந்துதான் வாயே திறக்கவில்லை. வீட்டில் மட்டும் தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவனைப் பற்றியே பேசித் தீர்த்தாள்.

வாசலில் காப்பகத்து வேன் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கிச் சட்டையிலிருந்த நாய் முடியைத் தட்டினார். அவள் பாய்ந்துபோய் மறித்தாள்.

"குட்டியை அந்தத் தையல்காரன்கிட்டயா கொண்டுபோய்க் குடுத்தே? ஏன்ப்பா, அவன் ஆளைத் துருவித் துருவிக் கேள்வி கேக்கறான், வீட்டை நோட்டம் விடறான். இப்பவே வண்டியை எடு, போய்ப் பிடுங்கிட்டு வந்துடலாம்!"

ஓட்டுநர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவர் எங்கேக்கா குட்டி கேட்டார்? கேட்டது உங்க வீட்டுக்காரர். உங்களுக்கு மட்டும் தெரியாம உங்களைப் பார்த்துச் சொல்ல டாக்டரம்மா போட்ட ஆள்தான் தையல்காரர், அதுக்குத்தான் உங்களையே அங்கே அனுப்பினாங்க. 'அந்தம்மாவைத் தாண்டி ஒரு ஈகூட குட்டிகிட்ட வர முடியாது, தாராளமா குடுக்கலாம்'னு அவர் சொல்லிட்டார், இப்பத்தான் உங்க வீட்ல இறக்கிவிட்டுட்டு வர்றேன்."