ஆள் நடமாட்டம்

நடுவர்கள் மூன்று மணிக்கு வருவதாக இருந்தது. பதினொன்று ஆகியும் கட்டடத்துக்குள் ஈ, காக்கை இல்லை.

கட்டடக் கலைஞர் கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினார். எதிரொலி நன்றாக வந்தது. அதையும் சேர்த்துத்தான் அவர் வடிவமைத்திருந்தார்.

ஒரு காலத்தில் அது ரயில் சரக்குக் கொட்டகை. இடித்துவிட்டு வண்டி நிறுத்தக் கிளம்பிய நகராட்சியோடு மல்லுக்கட்டி, அதைப் பொதுமக்களுக்கான கூடமாக மாற்றியவர் அவர். இரும்புத் தூண்களை அப்படியே வைத்தார். செங்கல் சுவரைச் சுரண்டிக் கழுவினார். தூண்களை மறைக்கும் என்று பெஞ்சு போடவில்லை. கூரையின் கோடு கெடும் என்று மின்விசிறி மாட்டவில்லை. பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. பொதுமக்கள்தான் வரவில்லை.

‘பழைய கட்டடம், புதிய புழக்கம்’ என்ற விருதுக்கு அவர் விண்ணப்பித்திருந்தார். தினமும் கூட்டம் நெரிகிறது என்று அதில் கூசாமல் எழுதியிருந்தார். விருது வந்தால் கொட்டகை நிற்கும், வராவிட்டால் வண்டி நிற்கும் என்று நகராட்சி ஆணையர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இடிக்கும் இயந்திரம் பின்பக்கச் செம்மண்ணைக் கிளறிப் புழுதியாக்கிக்கொண்டு வந்து நின்றேவிட்டது. அதன் நிழலில் ஓட்டுநர் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

கலைஞர் வாசலில் இருந்த காவலாளியைக் கூப்பிட்டு, ஏன் ஒருவர்கூட உள்ளே வருவதில்லை என்று கேட்டார்.

“உட்காரக் கூடாது, சாயக் கூடாது, தொடக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொல்லச் சொன்னீங்க? ஆரம்பத்துல நிறைய பேர் வந்தாங்க. இப்ப பழகிட்டாங்க.”

இன்றைக்கு ஒருநாள் யாரையும் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று உத்தரவு போட்டுவிட்டு, கலைஞரே வாசலில் நின்று தெருவில் போனவர்களை உள்ளே அழைத்தார். சிலர் நடையை எட்டிப் போட்டார்கள். ஒரு தம்பதி, கடன் கொடுக்கும் இடமா என்று விசாரித்தார்கள். இல்லை என்றதும் வருத்தத்தோடு போனார்கள். ஓர் அம்மாள் மட்டும் உள்ளே வந்து கழிப்பறை எங்கே என்று கேட்டார். கழிப்பறைக் கதவு சுவரோடு சுவராகத் தெரியும்படி, பிடியே இல்லாமல் செய்யப்பட்டிருந்தது. கலைஞர் அம்மாளோடு சேர்ந்து சுவரைத் தடவிக்கொண்டே போனார். கதவு அகப்படுவதற்குள் அம்மாள் பொறுமை இழந்து கிளம்பிவிட்டார்.

வேறு வழியில்லாமல் மைத்துனனுக்குப் போன் போட்டார். கூட்டங்களுக்கு ஆள் அனுப்புவது மைத்துனனின் தொழில். திறப்பு விழா, கண்டனக் கூட்டம், இரங்கல் கூட்டம் என்று எதற்கும் அவனிடம் தனித்தனி ஆட்கள் உண்டு. அந்தத் தொழிலைப் பற்றிக் கலைஞர் வீட்டில் இளக்காரமாகப் பேசியதெல்லாம் அவனுக்கும் தெரியும்.

“இப்பவாவது நம்ம நெனப்பு வந்துச்சே அத்தான். எந்த மாதிரி வேணும்?”

படித்த களையோடு, பருத்தி உடையில், கண்ணாடி போட்டவர்களாக வேண்டும் என்றார். இரங்கல் கூட்டத்து ஆட்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று மைத்துனன் ஒப்புக்கொண்டான்.

அப்பாடா என்று அவர் மூச்சு விடுவதற்குள் உதவியாளர் பெண் ஓடிவந்தாள். போன வருஷம் இதே நடுவர் குழு, பழைய நெல் கிடங்கை மாற்றிக் கட்டிய ஒரு நூலகத்துக்குப் போயிருக்கிறது. இங்கே இருக்கிறவர்கள் எல்லாம் கண்ணாடி போட்டவர்கள், முன்னால் இருந்தவர்கள் எங்கே என்று கேட்டுவிட்டு, விருது கொடுக்காமல் திரும்பியிருக்கிறது.

கலைஞர் வரைபடத்தை எடுத்து விரித்தார். முன்னால் இருந்தவர்கள் சுமை தூக்குபவர்கள். மத்தியானத்தில் இங்கேதான் தலை சாய்ப்பார்கள். வேலை ஆரம்பித்தபோது அவர்களை வெளியேற்றியவர் அவரேதான். வரைபடத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் மெல்லிய உருவங்களாக அவர்களை விட்டுவைத்திருந்தார்.

மறுபடியும் மைத்துனன்.

“கண்ணாடிக்காரங்க வேன் ஏறிட்டாங்களே அத்தான். சரி, திருப்பிவிட்டுட்டு மூட்டை தூக்கற ஆளா அனுப்பறேன். ஆனா ஒண்ணு, அக்காகிட்ட நீங்களே சொல்லணும், என் தொழிலும் ஒரு தொழில்தான்னு.”

சொல்வதாகக் கலைஞர் வாக்குக் கொடுத்தார். பின்பக்கம் மிச்சம் கிடந்த மணல் மூட்டைகளைக் காவலாளியும் அவரும் உள்ளே இழுத்துப் போட்டார்கள்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால், பின்பக்கம் சரக்கு ஏற்றும் மேடை வழியாக மூன்று பேர் உள்ளே வந்தார்கள். இரண்டு ஆண்கள், கிராப்பு வெட்டிய ஒரு பெண்மணி. எங்கே புரண்டுவிட்டு வந்தார்களோ, உடம்பெல்லாம் செம்மண் புழுதி. மூன்று பேருக்கும் ஐம்பதுக்குமேல் இருக்கும். மைத்துனன் பழிவாங்கிவிட்டான் என்று கலைஞர் பல்லைக் கடித்தார்.

“நாங்க…” என்று பெண்மணி ஆரம்பித்தார்.

“தெரியும். எல்லாம் சொல்லியாச்சு. நேரமில்ல, ஆளுக்கொரு மூட்டையை எடுங்க.”

“இது எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்தான்.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஆளுக்கொரு மூட்டையைத் தலைக்கு ஏற்றினார்கள். ஒருவர் தூணைத் தட்டிப் பார்த்தார். கை வைக்காதே என்று கலைஞர் அதட்டினார். பெண்மணி மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். மூட்டை தூக்குகிறவளுக்கு என்ன கண்ணாடி என்று கலைஞரே அதைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மேடைக்கும் தூணுக்கும் நடுவே நடந்துகொண்டே இருக்கும்படி சொல்லிவிட்டு வாசலுக்கு விரைந்தார்.

வாசலில் நால்வர் நின்றிருந்தார்கள். பருத்தி உடை, கண்ணாடி, நிதானம். நடுவர்களின் பெயர்களை விருதுக் குழு கடைசிவரை வெளியே விடுவதில்லை. தெரிந்தால் கட்டடக் கலைஞர்கள் வீட்டுக்கே போய் நின்றுவிடுகிறார்கள். ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. கும்பிட்டார்.

இத்தனை நல்ல நடுவர்களை அவர் கண்டதில்லை. சொன்ன ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார்கள். எதிரொலிக்காக ஒருமுறை கைதட்டிக் காட்டியதும் நால்வரும் சேர்ந்து நெடுநேரம் தட்டினார்கள். மூத்தவர் கூரையை அண்ணாந்து பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நல்லா வாழ்ந்த கட்டடம்.”

இதைவிட ஆழமாக யாரும் சொல்லிவிட முடியாது என்று கலைஞருக்குப் புல்லரித்தது. அடுத்த கண்காட்சியில் அதையே தலைப்பாக வைப்பதென்று அங்கேயே முடிவு செய்தார். சட்டைப் பையில் போன் அடித்தது. மைத்துனன். துண்டித்தார். மறுபடி அடித்தது. அணைத்தே வைத்துவிட்டார்.

பிறகு நால்வரையும் தூணருகே அழைத்துப் போனார். மூட்டைக்காரர்கள் வேர்த்து விறுவிறுத்து நடந்துகொண்டிருந்தார்கள். நிற்கச் சொன்னார். நின்றார்கள்.

“இவங்கதான் இந்தக் கட்டடத்தோட உயிர். இவங்களை வெளிய அனுப்பிட்டு அழகு பார்க்கிறவன் கலைஞனே இல்ல. தினமும் வருவாங்க, என்கிட்ட உரிமையாப் பேசுவாங்க.” பெண்மணியின் தோளைத் தட்டினார். “சும்மா கூச்சப்படாம சொல்லும்மா. என்ன வேணுமோ கேளு.”

நால்வரும் கைதட்டினார்கள். எதிரொலி அடங்கும்வரை பெண்மணி காத்திருந்தார்.

“என் கண்ணாடியைக் கொஞ்சம் குடுங்க தம்பி. மார்க் போடணும்.”