சதுரக் கதவு

"என்னய்யா, கதவு இவ்ளோ ஒல்லியா தெரியுது?" என்றார் முதலாளி.

கணினித் திரையின் நடுவே கதவு ஒரு கோடு போல நின்றது. இரண்டு பக்கமும் கன்னங்கரேல் என்று இருட்டு.

"இது நீள வீடியோ போடற தளம், முதலாளி. இங்க படம் அகலமா இருக்கணுமாம். நம்ம கதவு உயரமா இருக்கு," என்றார் எழுத்தர்.

அந்தக் கதவுக் கம்பெனியின் கடிதங்களை இருபத்திரண்டு ஆண்டுகளாக எழுதி வந்தவர் அவர். எதிர்த்தெருக் கதவுக் கம்பெனி இணையத்தில் ஓகோ என்று ஓடுவதாகக் கேள்விப்பட்ட முதலாளி, திங்கட்கிழமை அவரைக் கூப்பிட்டார். "இனிமே கடிதத்தை யாரு படிக்கறா? வெள்ளிக்கிழமைக்குள்ள அஞ்சு தளத்துல நம்ம கதவு ஓடணும். ஒவ்வொண்ணுலயும் ஆயிரம் லைக். இல்லேன்னா உங்க நாற்காலியில என் மச்சினன் உட்காருவான்."

மச்சினன் அன்றே வந்து, நாற்காலி தன் உயரத்துக்குச் சரிப்படுமா என்று உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனான்.

முதலில் குட்டி வீடியோத் தளத்துக்காக எழுத்தர் கதவைத் திறந்துகொண்டு வந்து, "பெருமதிப்பிற்குரிய பார்வையாளர் அவர்களுக்கு வணக்கம். பொருள்: மரக்கதவு தொடர்பாக" என்று ஆரம்பித்தார். அதற்குள் பதினைந்து விநாடி தீர்ந்துவிட்டது. பதினொரு லைக் கிடைத்தது. ஒன்பது பேர் உறவுக்காரர்கள்.

இப்போது இந்த ஒல்லிக் கதவு.

"அகலம்தானே வேணும்? படுக்க வெச்சிடலாம்," என்றார் தச்சர். எதையும் கையால் செய்து பழகியவர்.

கதவை நிலையோடு நாலு முக்காலிமேல் படுக்க வைத்தார்கள். எழுத்தர் அடியில் தவழ்ந்து போய், மேலே தள்ளித் திறந்து, பூமியைப் பிளந்துகொண்டு வருபவர்போலத் தலையை நீட்டினார். "பெருமதிப்பிற்குரிய..."

டமால்.

வாசலில் சரக்கு ஏற்ற வந்திருந்த லாரி டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு கம்பெனிக்கும் அவர்தான் லாரி ஓட்டுகிறார். "சார், இன்னொரு தடவை விழச் சொல்லுங்க. நான் சரியா பாக்கல."

இதற்கு நாற்பது லைக்.

"மச்சினனை வரச் சொல்லட்டுமா?" என்றார் முதலாளி.

புதன்கிழமை படத் தளம். அங்கே படம் சதுரமாகத்தான் போகும் என்று எழுத்தர் வாசித்துச் சொன்னதும் தச்சர் ரம்பத்தைத் தேடினார்.

"ஐயோ, வேணாங்க!"

"ஆறடிக்கு மூணடி சார். பாதியில வெட்டினா மூணுக்கு மூணு. சுத்தமான சதுரம்."

எழுத்தர் தலையிலிருந்த வீக்கத்தைத் தடவினார். தன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

"அறுங்க," என்றார்.

ஒரு மணி நேரத்தில் ஆயிரத்து இருநூறு லைக்! 'இது பூனைக்கா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். 'தங்கள் மேலான வினவல் கிடைக்கப்பெற்றோம். பூனைக்கு அல்ல' என்று எழுத்தர் முறைப்படி பதில் போட்டார்.

அடுத்தது ஒலித் தளம். அங்கே படமே கிடையாது. முப்பது வருஷமாகச் சத்தமே போடாத கதவு என்பதுதான் கம்பெனியின் பெருமை. அதை எப்படிக் கேட்க வைப்பது? தச்சர் கீல்களில் உப்புத் தண்ணீரை ஊற்றினார். வியாழக்கிழமை காலை கதவு 'கிறீஈஈச்' என்றது. அதையே முக்கால் மணி நேரம் பதிவுசெய்து போட்டார்கள்.

ஆயிரத்து இருநூறு லைக்.

உத்தியோகஸ்தர்கள் கூடும் தளத்தில் 'மூன்றடிக் கதவு எனக்குக் கற்றுத்தந்த பணிவு' என்று எழுத்தர் இரண்டு பக்கம் எழுதினார். அதற்கும் ஆயிரத்து இருநூறு. திரும்பிப் பார்த்தால், பழைய குட்டி வீடியோவும் டமாலும்கூட ஆயிரத்து இருநூறைத் தொட்டிருந்தன.

"அஞ்சுலயும் ஒரே கணக்கு!" முதலாளி எழுத்தரைக் கட்டிக்கொண்டார். "இதுதான்யா சீரான வளர்ச்சி! கிடங்குல இருக்கற எல்லாக் கதவையும் அறுங்க!"

"ஆர்டர் எதுவும் வரலியே, முதலாளி?"

"முதல்ல லைக், அப்புறம் ஆர்டர். அவசரப்படாதீங்க."

வெள்ளிக்கிழமை மாலைக்குள் நூற்றுப் பத்துக் கதவுகள் சதுரமாயின. மச்சினனுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றும் வேலை கிடைத்தது. எழுத்தரின் மனைவி போனில் கூப்பிட்டாள். "ஏங்க, வேலை தப்பிச்சுதா?"

"தப்பிச்சுதாவா? சம்பந்தமே இல்லாத ஆயிரத்து இருநூறு பேர், ஒருத்தர் குறையாம, எதைப் போட்டாலும் ரசிக்கறாங்க! என் எழுத்துக்கு இப்பத்தான் ஆள் கிடைச்சிருக்கு!"

அவர் போனை வைத்துவிட்டுத் திரும்பினார். லாரி டிரைவர் கிடங்கு வாசலில் நின்று, அறுபடாமல் மூலையில் சாய்ந்திருந்த கதவுகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா எண்ணறே? நீயும் நம்ம ரசிகனா?"

"இல்ல சார், எதிர்த்தெருக் கம்பெனியில முந்நூறு பேருக்கும் ஆளுக்கு நாலு போன் குடுத்து, தினமும் உங்களுக்கு லைக் போட்ட பிறகுதான் வேலையையே தொட விடறாங்க, இன்னும் எத்தனை கதவு பாக்கின்னு அந்த முதலாளிதான் பாத்துட்டு வரச் சொன்னாரு."