கன்னக்குழி சொன்ன டாக்டர்

டாக்டர் சொன்னதில் ‘குழந்தை’ என்ற ஒரு சொல்தான் டிரைவிங் மாஸ்டருக்குப் புரிந்தது. மற்றதையெல்லாம் டாக்டர், மகன் படுத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்கு மேலிருந்த திரையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டரோ, எதிரே லாரி வந்தாலும் முகத்தில் காட்டாமல் தலையாட்டிப் பழகியவர். அதே பழக்கத்தில் தலையாட்டினார். எல்லாம் புரிந்துவிட்டது போலிருக்கிறது என்று டாக்டர் நகர்ந்துவிட்டார்.

வம்பு மாடியில் காத்திருந்தது. மாதம் நிறையும் முன்பே பிறந்த மகனை, ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் மனைவி இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

“டாக்டர் என்னங்க சொன்னாரு?”

“நல்லா இருக்கான்னாரு.”

“அவ்வளவுதானா? பால் குடிக்கிறானா, தூங்குறானா, எதுவும் கேக்கலையா?”

சொல்லிவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று மாஸ்டருக்குத் தெரிந்தது.

மறுநாள் எப்படியாவது விவரம் கேட்டுவிடுவது என்று உள்ளே போனார். அந்த அறையில் யாராயிருந்தாலும் பச்சை அங்கி, தொப்பி, மாஸ்க். கண் மட்டும்தான் தெரியும். மகனின் பெட்டிக்கும் பக்கத்துப் பெட்டிக்கும் நடுவே மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் கண் கொட்டாமல் நின்றிருந்தார். புது டாக்டர் என்று மாஸ்டர் முடிவுகட்டினார்.

“குழந்தை எப்படி இருக்கு?” என்றார், ஸ்டியரிங்கில் கை நடுங்கும் மாணவர்களிடம் பேசும் அதே நிதானத்தோடு.

“ராத்திரி நல்லா தூங்குச்சு. பால் நேத்தைவிடக் கூடவே குடிக்குது. காலை உதைக்குது.”

“ரொம்ப சந்தோஷம். இப்படியே போகட்டும்.”

மூக்குக்கண்ணாடிக்காரர் கண் கலங்கக் கைகூப்பினார். என்ன பணிவான மனுஷன் என்று மாஸ்டர் அசந்துபோனார்.

மனைவிக்கு உயிர் வந்தது. வார்டு முழுக்க அந்த டாக்டர் புகழைப் பாடினாள். அடுத்த நாள் மாஸ்டர் இன்னொரு சேதியும் கொண்டுவந்தார். கொட்டாவி விடும்போது குழந்தைக்குக் கன்னத்தில் குழி விழுகிறதாம்.

“நம்ம ரெண்டு குடும்பத்துலயும் யாருக்கும் இல்லையே?”

டாக்டரைச் சந்தேகப்பட மாஸ்டருக்கு மனம் வரவில்லை. தன் பெரியப்பாவுக்கு உண்டு, தாடி மறைத்துவிட்டது என்று அளந்துவிட்டார். அவள் உடனே மாமியாருக்குப் போன் போட்டாள். அந்தப் பெரியப்பா ஒருநாள்கூடச் சவரம் செய்யாமல் வாசலைத் தாண்டியதில்லை என்று தெரியவந்தது.

“அந்த டாக்டரை நானே பாக்கணும்” என்றாள்.

பார்க்க ஆசைப்பட்டவர் அவள் மட்டுமில்லை. பெற்றோரிடம் முகம் பார்த்துப் பேசுங்கள் என்று தன் டாக்டர்களிடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருந்த பெரிய டாக்டரம்மாவின் காதுக்கும் இந்தப் புகழ் எட்டியிருந்தது.

அன்று மாலை நர்ஸ் மாடிக்கே வந்தாள். மூச்சுக்கு வைத்திருந்த குழாயை எடுத்தாயிற்று, பையன் தானாகவே மூச்சு விடுகிறான், அம்மா மார்பில் போட்டுக்கொள்ளலாம் என்றாள். சக்கர நாற்காலி உருண்டது. உள்ளங்கையளவு முதுகை மூடிப் பிடித்தபடி அவள் சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். மாஸ்டரும் அழுதார். மறைக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

“எங்க அந்த டாக்டர்?”

மாஸ்டர் பெருமையோடு கைகாட்டினார். அங்கேயே நின்றிருந்த பெரிய டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கி, மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார். மூக்குக்கண்ணாடிக்காரர் இறக்கினார். வெட்கத்தோடு சிரித்தார்.

கன்னத்தில் ஆழமாக ஒரு குழி விழுந்தது.

மனைவி குழியைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். பிறகு மெதுவாக மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

நர்ஸ் அதற்குமேல் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்: “மேடம், இவரு பக்கத்துப் பெட்டிக் குழந்தையோட அப்பா. இந்த மாஸ்டர் சாரை டாக்டர்னு நெனச்சு, தினமும் தன் பொண்ணைப் பத்திச் சொல்லிக்கிட்டிருக்காரு.”