சுர்மா போடாத வெள்ளிக்கிழமை

செங்கல்பட்டு பஜாரில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஹமீது, நாற்பத்து நாலாவது வயதில் ஒரு வீரதீர முடிவெடுத்தார். கண்ணுக்கு லேசர் பண்ணிக்கொள்வது. அதுவும் பெண்டாட்டிக்குத் தெரியாமல்.

முதல் பாதியாவது பரவாயில்லை. இரண்டாவது பாதியில்தான் மனுஷன் அகலக்கால் வைத்துவிட்டார்.

ஏன் ரகசியம் என்று கேட்பீர்கள். கடைக்கு வருகிற யாராவது, "பாய், லேசர் பண்ணிக்கலாமா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால் போதும். ஹமீது கையிலிருக்கிற ஃபிரேமைக் கீழே வைத்துவிட்டு பள்ளிவாசல் பிரசங்கம் மாதிரி அரை மணி நேரம் பயான் பண்ணுவார். அல்லா குடுத்த கண்ணு, அதுல போய் நெருப்பு வைப்பாங்களா என்பார். கேட்டவர் வெலவெலத்துப் போய் ஒன்றுக்கு இரண்டு கண்ணாடியாக வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவார். இருபது வருஷமாக இதுதான் நடக்கிறது. மறைமலைநகர் கம்பெனிப் பையன்கள், சிறுசேரி ஐ.டி. பிள்ளைகள் என்று எத்தனையோ பேர் கல்யாண போட்டோவில் கண்ணாடியோடு நிற்கிறார்களே, எல்லாம் அவர் வாய் சாமர்த்தியம்.

அப்பேர்ப்பட்டவருக்கே கண்ணாடி கசந்துவிட்டது. பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் முகம், கைகால் கழுவி ஒளு செய்யக் கழற்றி வைப்பார், வைத்த இடம் மறந்துபோகும். தொழுகை முடிந்ததும் தடவிக்கொண்டே வெளியே வந்து யார் செருப்பையாவது மாட்டிக்கொண்டு வீடு சேருவார். போன மாதம் மட்டும் மூன்று தடவை. மூன்றாவது தடவை இரண்டு காலிலும் இடது செருப்பு. கல்யாண வீடுகளில் கொடுமை இன்னும் ஜாஸ்தி. நாலு பேருக்கு ஒரே தாம்பாளத்தில் சூடான பிரியாணி வந்து இறங்கியதும் கண்ணாடியில் ஆவி படியும். இவர் துடைத்து மாட்டுவதற்குள் பெரிய துண்டெல்லாம் அடுத்தவர் பக்கம் போயிருக்கும். இனி பொறுப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டார்.

மொட்டை மாடிக்குப் போய், சென்னையில் பேர் பெற்ற ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டார். முதலில் டெஸ்ட், அப்புறம்தான் லேசர் சரிப்படுமா இல்லையா என்று சொல்வார்கள் என்று தெரிந்தது. சனிக்கிழமை வரச் சொன்னார்கள். ரெண்டு நாள் முன்னாலிருந்தே கண்ணில் மை, சுர்மா எதுவும் கூடாது என்றார்கள். நம்பர் கேட்டார்கள். இருபது வருஷப் பழக்கம், வாய் தானாகக் கடை நம்பரைச் சொல்லிவிட்டது. கடை போன் எப்போதும் பெண்டாட்டி சுராயாவின் கையில்தான் இருக்கும் என்பது அந்த நேரத்தில் அவருக்கு உறைக்கவில்லை.

சுராயா அவரைவிடப் பத்து வயது சின்னவள். கோவளத்துப் பெண். ஆறாங்கிளாஸிலிருந்து கண்ணாடி. கடையில் கல்லாவும் அவள்தான், கணக்கும் அவள்தான். ஹமீதின் பயானை வாரம் நாலு தடவை கேட்டுக்கொண்டே பில் போடுகிறவளும் அவள்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஹமீது வெள்ளை ஜிப்பா, தொப்பி, அத்தர் சகிதம் ஜும்மாவுக்குக் கிளம்பினார். எல்லாம் இருந்தது, கண்ணில் சுர்மா மட்டும் இல்லை. காய்ச்சலில் படுத்திருந்த வெள்ளிக்கிழமையில்கூட சுர்மா கேட்டு வாங்கிப் போட்டவர் அவர்.

"இன்னாங்க, சுர்மா போடல?"

"கண்ணு எரியுது."

"சரி."

அவ்வளவுதான் பேச்சு. சுராயா நாலு கேள்வி கேட்டால் பயமில்லை. ஒரே கேள்வியோடு நிறுத்தினால்தான் ஆபத்து. பதிமூன்று வருஷம் குடும்பம் நடத்தியும் ஹமீதுக்கு இது பிடிபடவில்லை. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டு போனார், பாவம்.

சனிக்கிழமை காலையில், புது ஃபிரேம் பார்க்க பாரிமுனை வரை போய்வருவதாகச் சொல்லிவிட்டு மின்சார ரயில் ஏறினார். ஆஸ்பத்திரியில் நாலைந்து மெஷினில் மோவாயை வைக்கச் சொன்னார்கள். சொட்டு மருந்து விட்டார்கள். டாக்டர் வசுமதி என்கிற அம்மா, என்ன வேலை செய்கிறீர்கள் என்று விசாரித்தார். கண்ணாடிக் கடை என்று சொல்ல நாக்கு கூசியது. சின்னச் சின்ன ஸ்க்ரூ முடுக்குற வேலை என்று மட்டும் சொன்னார்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நிதானமாக விளக்கினார். உங்களுக்குக் கருவிழி மெலிசு, லேசர் தாங்காது. தாங்கினாலும் பிரயோஜனம் குறைவு. வெள்ளெழுத்து வருகிற வயசு. இப்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் இருப்பதைப் படிக்கிறீர்கள், ஸ்க்ரூ முடுக்குகிறீர்கள். லேசர் பண்ணினால் தூரம் தெரியும், கிட்டத்துக்குக் கண்ணாடி மாட்டவேண்டி வரும். உங்களுக்கு இது வேண்டாம்.

ஹமீதுக்கு முகம் தொங்கிவிட்டது. அதைப் பார்த்து இரக்கப்பட்ட டாக்டரம்மா, "கண்ணாடி போட்டுக்கறதுல என்னங்க கஷ்டம்? நல்ல கடையா பார்த்து வாங்குங்க" என்று ஆறுதலும் சொல்லி அனுப்பினார்.

திரும்பும்போது வெயில் ஊசியாகக் குத்தியது. சொட்டு மருந்தில் கண்ணின் பாப்பா அகலமாக விரிந்து கிடந்தது. இந்தக் கண்ணைச் சுராயா பார்த்தால் கதை கந்தல். கையோடு கொண்டுபோயிருந்த, பவர் போட்ட கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைக்குள் நுழைந்தார். இன்னும் கண் எரிகிறதென்று தானாகவே அறிவித்தார். சுராயா தலையாட்டிவிட்டு ஒரு காகிதத்தை நீட்டினாள். ஒரு கையெழுத்து வேண்டுமாம்.

ஹமீது காகிதத்தைப் பார்த்தார். எழுத்தெல்லாம் கரைந்து ஒன்றாகத் தெரிந்தது.

"கழட்டிட்டுப் படிங்களேன். எப்பவும் அப்படித்தான படிப்பீங்க."

"படிக்க இன்னா கீது? நீ பாத்தா நான் பாத்த மாதிரிதான்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, அவள் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது பக்கத்திலும் போட்டார். காகிதம் மடித்துப் பைக்குள் போன பிறகுதான் எதற்கும் கேட்டுவைப்போம் என்று தோன்றியது.

"இன்னா பேப்பர் அது?"

"லேசர் ஆபரேஷனுக்கு."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அப்புறம் சுராயா சாவகாசமாகச் சொன்னாள். போன மாதம் அம்மா வீட்டுக்கென்று கோவளம் போனாளே, அப்போதே அதே ஆஸ்பத்திரியில் டெஸ்ட் முடித்தாயிற்று. பவர் நாலு வருஷமாக ஏறவில்லை, இறங்கவில்லை. கருவிழி நல்ல தடிமன். கண்ணில் வறட்சி இல்லை. தாராளமாகப் பண்ணலாம் என்றிருக்கிறார்கள். கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. கேட்டால் பயான் ஆரம்பித்துவிடுவார் என்று பேப்பரைப் பீரோவில் வைத்திருந்தாள். டெஸ்டுக்கு முன்னால் சுர்மா கூடாதென்று அவளுக்கும் சொல்லியிருந்தார்களே, நேற்று சுர்மா இல்லாத முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்து அதை வெளியே எடுத்தாள்.

"கண்ணாலம் ஆன புதுசுல மகாபலிபுரம் கூட்டிக்கினு போனீங்க. அலை அடிச்சி கண்ணாடி பூரா உப்பு. கடலப் பாக்காம அதைத் தொடச்சிக்கினே நின்னேன். எனக்கு ஒரு தபா கடல நேரா பாக்கணும்ங்க."

கடலோரத்தில் பிறந்தவள் கேட்பது நியாயம்தான் என்று ஹமீதுக்குப் பட்டது. தனக்குக் கிடைக்காதது இவளுக்குக் கிடைக்கிறதே என்று வயிறும் எரிந்தது. இரண்டுக்கும் நடுவில் கடை ஞாபகம் வந்தது. அது ஒன்றுதான் மிச்சமிருந்த ஆயுதம்.

"எல்லாம் சரி புள்ள. கண்ணாடிக் கடைக்காரன் பொண்டாட்டியே கண்ணாடி இல்லாம கல்லாவுல குந்தினா, வர்றவன் இன்னா நெனப்பான்? யாவாரம் இன்னா ஆவுறது?"

சுராயா கடை போனைத் திருப்பிக் காட்டினாள். ஆஸ்பத்திரியிலிருந்து மதியமே வந்துவிட்ட ரிப்போர்ட், மேலே ஹமீது என்று பேர்.

"கடைக்கு ஒருத்தர் கண்ணாடி போட்டுக்கினு குந்துனா போதும்ங்க. அது காலத்துக்கும் நீங்கதான்னு டாக்டரம்மாவே எழுதிட்டாங்க."