மார்ஃபின் கொண்டுவந்த மனைவி

மனைவி சிரித்ததும் தையல்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் அவள் இப்படிப் பல் தெரியச் சிரித்தது கல்யாண ஃபோட்டோவில் மட்டும்தான். அதுவும் ஃபோட்டோக்காரர் கெஞ்சியதால்.

ஸ்டூல் மேல் ஏறி ஒட்டடை அடிக்கப்போய்த் தொடை எலும்பை உடைத்துக்கொண்டவர், காலையில் ஆபரேஷன் முடிந்து வார்டில் படுத்திருந்தார். இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடந்தது. தலைமாட்டு பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக ஏதோ கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வார்டே 'அகராதி' என்று கூப்பிடும் அடுத்த கட்டில்காரர், சற்று முன்தான் அந்த பாட்டிலைப் பார்த்துவிட்டுத் தன் அறிவை அவிழ்த்துவிட்டிருந்தார்.

"வலிக்கு மார்ஃபின் ஏத்தறாங்க. கிரேக்கக் கதைல மார்ஃபியஸ்னு ஒரு கனவுத் தேவன். அவன் பேரைத்தான் மருந்துக்கு வச்சாங்க. நமக்குத் தெரிஞ்சவங்க மாதிரியே உருவம் எடுத்துக் கனவுல வர்றதுதான் அவன் வேலை. நடை, குரல் எல்லாம் அச்சு அசலா இருக்கும்."

சொன்னவர் குறட்டை விட ஆரம்பித்தார். கேட்டவருக்குத்தான் தூக்கம் போயிற்று.

அப்போதுதான் அவள் வந்தாள். செருப்புச் சத்தமே இல்லை. கையிலிருந்த ஃபிளாஸ்கை வைத்துவிட்டுக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, இமை கொட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் வைத்த கை ஜில்லென்றிருந்தது.

கடையை ஆறு மாதம் மூடப்போவதாகச் சொல்லிப் பார்த்தார். அவருடைய மனைவியாக இருந்தால் கூரை பறந்திருக்கும். இவள் சரிங்க என்றாள்.

"ஏன் திட்ட மாட்டேங்கற?"

"இனிமே உங்களைத் திட்டவே மாட்டேங்க."

இது அந்த மார்ஃபியஸின் வேலையோ என்று நினைத்தார். கல்யாணமான புதிதில் போட்ட முதல் சண்டை எதற்கு என்று கேட்டார். திரைச்சீலை நிறம் உட்பட அப்படியே ஒப்பித்தாள். அப்பாடா என்று மூச்சு விட்டவருக்கு மறுகணமே உறைத்தது: கனவு தன் மண்டைக்குள்ளிருந்து வருவது, அதற்கு எல்லாம் தெரியத்தானே செய்யும்?

அகராதியைத் தட்டி எழுப்பி, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்த அகராதி, தனக்கு யாரும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

இனி இதை விரட்டியாக வேண்டும். உண்மையைப் போட்டு உடைத்தால் கனவு கலைந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. உடைக்க ஒன்று இருக்கவும் இருந்தது.

"பதினோரு வருஷமா ஜன்னல்ல தானியம் வச்சுக் காத்திருக்கியே, அந்தக் கிளி தானாப் பறக்கலை. நான்தான் கூண்டைத் திறந்துவிட்டேன். உன் குரல்லயே அதுவும் திட்ட ஆரம்பிச்சுது. ஒரே வீட்டுல ரெண்டு பேர்கிட்ட திட்டு வாங்க முடியலை."

சிரிப்பு மெல்ல அடங்கியது.

"அப்புறம்?"

"உன்கூடத் தெருத்தெருவா அலைஞ்சு தேடினேன்ல, அது சும்மா நடிப்பு."

அவள் எழுந்தாள். ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு, வந்த மாதிரியே சத்தமில்லாமல் போய்விட்டாள்.

தையல்காரருக்கு நெஞ்சுப் பாரம் இறங்கிக் கண் கலங்கியது. நிஜ மனைவியிடம் இதைச் சொல்லும் தைரியம் தனக்கு இந்த ஜென்மத்தில் வராது என்று நினைத்துக்கொண்டார். ஊசித் தட்டோடு வந்த நர்ஸிடம், மார்ஃபின் என்ன அருமையான மருந்து என்று வாயாரப் புகழ்ந்தார்.

நர்ஸ் ஊசியைத் தூக்கிப் பிடித்து அளவு பார்த்தாள்.

"அதை இப்பதாங்க போடப் போறேன். இவ்வளவு நேரம் ஏறினது வெறும் உப்புத் தண்ணி."