ரோஸ் பாய் சைக்கிள் கடை

பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் எந்தக் கட்சியிலும் சேராதவை இரண்டுதான். ஒன்று காவிரித் தண்ணீர். இன்னொன்று குடவாசல் ரோஸ் பாய். காவிரியையாவது மேட்டூரில் மடக்கி, திறந்து, அறிக்கை விட்டு, ஆளுங்கட்சிக்காரர்கள் தம் பக்கம் சேர்த்துக்கொள்வார்கள். பாயை மட்டும் யாராலும் அசைக்க முடியவில்லை.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. ஊரில் யாருக்கும் தெரிந்ததாகவும் நினைவில்லை. தபால்காரரே 'ரோஸ் பாய்' என்றுதான் கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுப்பார்.

நான் அப்போது சென்னையில் ஒரு உரக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. பெயர்தான் பெரிது. மாதம் ஒரு முறை டெல்டாவுக்கு வந்து, கைப்பையில் யூரியா சாம்பிளை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், "போன வருஷம் மகசூல் எப்படிங்க?" என்று பல்லைக் காட்டுவதுதான் வேலை. பஸ் என்னைக் குடவாசலில் உதறிவிட்டுப் போய்விடும். அதற்கு மேல் எனக்கு வேண்டிய ஊர்களுக்கெல்லாம் வாய்க்கால் கரைதான் ராஜபாட்டை. வாடகை சைக்கிள் எங்கே கிடைக்கும் என்று லாட்ஜ் மேனேஜரிடம் கேட்டேன்.

"நேரா போங்க சார். கண்ணு கூசுற மாதிரி ஒரு கடை வரும். அதான்."

கூசத்தான் செய்தது. வாசலில் வரிசையாக நின்ற அத்தனை சைக்கிளும் பஞ்சுமிட்டாய் நிறம். மட்கார்டு, செயின் கவர், கேரியர், ஒன்று பாக்கியில்லை. கழுத்தில் டை கட்டிக்கொண்டு இதில் போனால் என்னை யார் மதிப்பார்கள்? மெதுவாகக் கேட்டேன்.

"பாய், கறுப்புல ஒண்ணு இருக்கா?"

"கறுப்புக்குக் கட்சி இருக்கு சார்."

"சிவப்பு?"

"அதுக்கும் இருக்கு. அவங்க வயல்ல நிக்கிறாங்க."

"பச்சை?"

"பச்சை அடிச்சா எங்க ஜமாத்துல என்னைத் தலைவராக்கிடுவாங்க. வேணாம்."

"வெள்ளையாவது?"

"கதருன்னு சொல்லுவாங்க. ரோஸுக்கு இன்னிக்கு வரைக்கும் யாரும் கட்சி ஆரம்பிக்கலை. ஆரம்பிச்சா வந்து சொல்லுங்க, மாத்திடுறேன்."

இதை அவர் சிரிக்காமல் சொன்னார். நானும் சிரிக்கவில்லை. ஏனென்றால் காலம் அப்படி. ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. டீக்கடை பெஞ்சில்கூட எதுகை மோனையோடுதான் சர்க்கரை கேட்டார்கள். நில உச்சவரம்பு வந்துவிட்டது என்று மிராசுதார்கள் நிலத்தை மனைவி பெயரில், மச்சான் பெயரில், தொழுவத்தில் நின்ற மாட்டின் பெயரில்கூட எழுதிவைத்ததாகப் பேச்சு. இன்னொரு பக்கம் அறுவடைக் கூலிக்காகச் சிவப்புக் கொடியோடு ஜனங்கள் வரப்பில் நின்றார்கள். பையும் கையுமாக ஒரு புதுமுகம் வந்தால் மிராசுதார் தெருவில் 'நிலம் அளக்க வந்தவன்' என்பார்கள். கூலிக்காரத் தெருவில் 'பண்ணை அனுப்பின ஆள்' என்பார்கள். இரண்டு பக்கமும் அடி வாங்கத் தோதான உத்தியோகம் என்னுடையது.

ஆனால் ரோஸ் சைக்கிளில் போகிறவனை யாரும் தொட மாட்டார்கள். "பாய் சைக்கிளு, விடு" என்று வழிவிடுவார்கள். அந்த நிறத்தின் மகிமை எனக்கு ஒரே வாரத்தில் விளங்கிவிட்டது. டையைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

அவரிடம் சைக்கிள் வாங்குவது பெண் கேட்கப் போவதைவிடக் கஷ்டம். எங்கே போகிறீர்கள், யாரைப் பார்க்க, எந்தப் பக்கமாக என்று குடைந்துவிடுவார். அப்புறம் பிள்ளையார் கோயிலை ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். பாய் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கவனிப்பார்.

"பிரேக்கைப் பிடிக்கிறதுல கோவம் தெரியுதே. வீட்டுல சண்டையா சார்?"

சண்டைதான். அன்று எனக்குக் கொடுக்காமல் மறுநாள்தான் கொடுத்தார். இத்தனைக்கும் மனிதருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. கேட்டால், "கறிக்கடைக்காரரு ஆடாவா இருக்காரு?" என்பார்.

வழியும் அவர்தான் சொல்வார். போகும்போது வாய்க்கால் கரை, வரும்போது ரோடு. "வரும்போது அசதியா இருப்பீங்க. கரையில வந்தா தண்ணிக்குள்ள போயிடுவீங்க." என் மேல் இவ்வளவு கரிசனமா என்று நெகிழ்ந்துபோவதற்குள், "சைக்கிள் துருப்பிடிச்சிடும்" என்று முடிப்பார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் வைத்திருந்தார். மிராசுதார் தெருவில் காப்பி குடித்தால், அதே ஊர்க் கூலிக்காரத் தெருவிலும் இறங்கி ஒரு வாய் தண்ணீராவது குடிக்க வேண்டும். அங்கே முதலில் குடித்தால் இங்கேயும் குடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் குடித்துவிட்டு வந்தால் அடுத்த தடவை சைக்கிள் கிடையாது.

"நான் குடிச்சனா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஊரு சொல்லும் சார்."

ஊர் சொல்லத்தான் செய்தது. ஒரு பாங்க் ஆபீசர் ஏமாற்றப் பார்த்து, ஆறு மாதம் நடந்தே கடன் வசூல் செய்தார். ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவர் ஹாண்டில்பாரில் கொடியைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது, பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைத்தெரு முழுக்கத் துரத்தினார். பிடித்து, கொடியை அவிழ்த்து, நாலாக மடித்து மரியாதையாக அவர் சட்டைப்பையில் வைத்துவிட்டுத்தான் மூச்சு வாங்கினார்.

வடகரைமங்கலத்தில்தான் நான் முதன்முதலில் அந்தச் சட்டப்படி தண்ணீர் குடித்தேன். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தால் என்னைக் கொல்லைப்புறமாகத்தான் உள்ளே விட்டிருப்பார்கள். கூலிக்காரத் தெருவில் பாக்கியம் என்று ஓர் அம்மாள் இருந்தார். நடவு ஆட்களுக்குத் தலைவி. சங்கக் கூட்டத்திலும் அந்தத் தெருவுக்காகப் பேசுகிறவர் அவர்தான். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அசடு வழிய நின்றதைப் பார்த்து, "உர சாரா? பாய் சைக்கிளா? அப்ப குடிச்சுத்தானே ஆவணும், பாவம்!" என்று தெருவே கேட்கச் சிரித்துவிட்டு ஒரு டம்ளரை நீட்டினார். நல்ல தண்ணீர். அப்புறம் மாதா மாதம் குடித்தேன். யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் தெரிந்துபோயிற்று.

ஒரு தை மாதம் வழக்கம்போல வந்து இறங்கினேன். கடை வாசலில் சைக்கிள்கள் டயர் கிழிந்து சாய்ந்து கிடந்தன. பாய் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எங்கே போகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. 

"என்ன பாய் ஆச்சு?"

"மங்கலத்துப் பண்ணைக் காரியஸ்தர் வந்தாரு சார். நன்னிலத்துல கல்யாணம்னு சொல்லி எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போனாரு. ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுனாரு. நல்லாத்தான் ஓட்டுனாரு."

வடகரைமங்கலத்தில் அப்போது அறுப்பு வேலைநிறுத்தம். கூலியை உயர்த்தும் வரை வயலில் இறங்க மாட்டோம் என்று பாக்கியத்தின் ஆட்கள் கரையில் காவல் நின்றிருந்தார்கள். காரியஸ்தர் வெளியூர் ஆட்களை ரோஸ் சைக்கிள் கேரியர்களில் உட்காரவைத்து, பொழுது விடிவதற்குள் வயலில் இறக்கிவிட்டார். காவல் நின்றவர்கள், பாய் சைக்கிள்தானே என்று வழிவிட்டிருக்கிறார்கள். விஷயம் தெரிந்தபோது பாதி வயல் அறுத்தாகிவிட்டது.

"டயரை வெட்டினது யாரு பாய்?"

"அந்தத் தெரு ஆளுங்கதான். வெட்டாம என்ன செய்வாங்க? என் சைக்கிளை நம்பித்தானே விட்டாங்க!"

ரோஸ் என்றால் நம்பலாம் என்ற பேச்சு போய்விட்டால் அவரிடம் மிச்சம் வெறும் பழைய இரும்புதான். அது அவருக்கும் தெரிந்திருந்தது. டயர் தப்பித்த ஒரே சைக்கிளை வெளியே எடுத்தார்.

"வாங்க சார், அங்க போவோம்."

"ஒண்ணுதானே இருக்கு? நீங்க பின்னாடி உக்காருங்க, நான் ஓட்டுறேன்."

"வேணாம். மறுபடியும் கேரியர்ல ஆள் ஏத்திக்கிட்டு வர்றதா நினைச்சுக்குவாங்க. தள்ளிக்கிட்டே போவோம்."

பாய் கொஞ்சம் கனத்த சரீரம். வாய்க்கால் கரை ஒரு ஆள் அகலம். சைக்கிள் அவரை வலது பக்கம் இழுத்தது, அவர் அதை இடது பக்கம் இழுத்தார். பெடல் போகிற போக்கில் முழங்காலில் அடித்துக்கொண்டே வந்தது. "இந்தச் சனியனை எப்படி சார் ஜனங்க ஓட்டுறாங்க?" என்று வாழ்நாள் முழுக்க அதை வாடகைக்கு விட்டவர் என்னிடம் கேட்டார்.

கூலிக்காரத் தெருவில் எல்லோரும் வெளியே நின்றிருந்தார்கள். எல்லோர் முகமும் கடுகடுவென்று இருந்தது. பாக்கியம்தான் முதலில் பேசினார்.

"எதுக்கு பாய் தள்ளிக்கிட்டு வர்றீங்க? ஏறி வந்திருக்கலாமே?"

"எனக்கு ஓட்டத் தெரியாதும்மா."

யாரோ ஒரு கிழவர் களுக்கென்றார். அவ்வளவுதான், தெருவே சிரித்துவிட்டது. கோபமாக இருந்த ஜனங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு அடங்கும் வரை பாய் கைகட்டி நின்றார்.

"என் சைக்கிள் உங்களை ஏமாத்திடுச்சு. நான்தான் பாத்துக் குடுத்திருக்கணும். மன்னிச்சுக்குங்க. அந்தக் காரியஸ்தருக்கு இனிமே சைக்கிள் கிடையாது. உங்கள்ல யாரு வந்தாலும் தர்றேன். எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். இங்க ஒரு வாய், அங்க ஒரு வாய்."

பாக்கியம் அவரைப் பார்த்துக் கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"இங்க யாரு வந்தாலும் நாங்க குடுக்கிறோம் பாய். அங்க போய் நாங்க கேட்டா யாரு குடுப்பா?"

அந்தத் தெருவிலிருந்து ஒருவர்கூட அவரிடம் சைக்கிள் எடுக்க வந்ததில்லை. எல்லாருக்கும் பொது என்று பெருமையாக வைத்திருந்த சட்டம், இத்தனை வருஷம் ஒரு தெருவை மட்டும் வெளியே நிறுத்தியிருந்தது. பாய்க்கு அது அப்போதுதான் புரிந்தது. எனக்கும்தான். அவர் முகம் சுண்டிப்போனது. பிறகு சைக்கிளைத் திருப்பினார்.

"வாம்மா. கேட்டுப் பாத்துடுவோம்."

"வேணாம் பாய், வம்பு."

"இன்னிக்கு இந்த சைக்கிளை நீதான் வாடகைக்கு எடுத்திருக்கே. சட்டம் சட்டம்தான். வா."

மிராசுதார் வீட்டு வாசலில் போய் நின்றோம். ஹாண்டில்பாரின் ஒரு பக்கம் பாய், மறுபக்கம் பாக்கியம். நான் கேரியரைப் பிடித்துக்கொண்டேன். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மிராசுதார் வெளியே வந்தார்.

"ஐயா, இந்தம்மா இன்னிக்கு என் சைக்கிளை எடுத்திருக்கு. என் சட்டம் ஐயாவுக்குத் தெரியும். ஒரு செம்பு தண்ணி குடுத்தீங்கன்னா கிளம்பிடுவோம்."

மிராசுதார் கெட்டிக்காரர். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"தண்ணி என்ன பாய் தண்ணி? வெயில்ல வந்திருக்கீங்க. டேய், மூணு எளநி வெட்டுடா!"

நான் மனசுக்குள் சபாஷ் போட்டேன். இளநீர் கொடுத்தால் கொடுத்த மாதிரியும் ஆயிற்று, வீட்டுப் பாத்திரத்தைக் கொடுக்காத மாதிரியும் ஆயிற்று. குடித்துவிட்டு மட்டையை எறிந்துவிடலாம். அந்த ஜில்லாவில் எத்தனையோ சங்கடங்களை இளநீர் தீர்த்துவைத்திருக்கிறது.

"எளநி கணக்குல வராதுங்க" என்றார் பாய்.

"ஏன் வராது? தண்ணியவிட ஒசத்தியாச்சே!"

"ஒசத்திதாங்க. ஆனா அதுக்குச் செம்பு வேணாமே."

 மிராசுதார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். சற்று நேரத்தில் எவர்சில்வர் டம்ளரில் மோர் வந்தது. இரண்டு டம்ளர், பாய்க்கும் எனக்கும். பாய் தன்னுடையதை வாங்கிப் படியில் வைத்தார். எனக்குத் தாகம் உயிர் போயிற்று. அந்த வீட்டில் எத்தனை காப்பி குடித்திருப்பேன்! என்றாலும் பாய் டம்ளருக்குப் பக்கத்தில் என்னுடையதையும் வைத்தேன்.

"எனக்குத் தாகமில்லை பாய். வாங்க போவலாம்" என்றார் பாக்கியம், அவமானப்பட்டது பாய்தான் என்பதுபோல. பாய் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை மட்டும் அல்ல.

கூலித் தகராறு எப்படியோ அரைகுறைப் பேச்சுவார்த்தையில் முடிந்தது. பாய் அன்றோடு சட்டத்தை எடுத்துவிட்டார். மங்கலத்துக் கூலிக்காரத் தெருவிலிருந்து இளவட்டங்கள் வந்து பிள்ளையார் கோயிலைச் சுற்றி ஓட்டிக் காட்டினார்கள். ரோஸ் சைக்கிளுக்கு அந்தத் தெருவில் மறுபடியும் வழி கிடைத்தது. மிராசுதார் தெருக்களில்தான் கதவு சாத்திக்கொண்டது. ரோஸ் சிவந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். கடைத்தெருவில் கறுப்பு சைக்கிளோடு புதுக் கடை ஒன்று முளைத்தது. பாங்க்காரர்களும் ஆபீசர்களும் அங்கே போய்விட்டார்கள்.

"இப்ப நீங்க எந்தக் கட்சி பாய்?" என்று ஒருமுறை சீண்டினேன்.

"கட்சியெல்லாம் இல்லை சார். கடையில வெயில் விழுது, பெயிண்ட்டு கொஞ்சம் மாறியிருக்கு."

அடுத்த வருஷம் கம்பெனி எனக்கு மோட்டார் சைக்கிள் கொடுத்தது. அதை ஜம்மென்று ஓட்டிக்கொண்டு கும்பகோணம் வரை வருவேன். அங்கே தெரிந்த கடை வாசலில் நிறுத்திப் பூட்டிவிட்டு, குடவாசல் பஸ்ஸில் ஏறிக்கொள்வேன்.

"மோட்டார் சைக்கிள் வந்திருக்குன்னு சொல்றாங்களே சார்?"

"ரிப்பேர் பாய்."

"போன மாசமும் ரிப்பேருன்னீங்க."

"பெரிய ரிப்பேரு."

பாய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.  இருப்பதில் நல்லதாக ஒன்றை எடுத்து, லுங்கி நுனியால் சீட்டைத் துடைத்துக் கொடுத்தார். நான் அந்த வேலையில் இருந்த வரை அந்த மோட்டார் சைக்கிள் குடவாசலைப் பார்த்ததே இல்லை. எனக்கு அந்த மனிதரை அவ்வளவு பிடிக்கும்.